நஞ்சுண்ட மண் – 11: கடைசி குளோரின்

சென்ற வாரம் கனடாவில் நிறுத்தியிருந்தோம். வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கில்லமும் அவருடைய குழுவினரும் 1991ல் போர்டன் ராணுவத் தளத்தின் மண்ணுக்குள் இரும்புத்தூளையும் மணலையும் கலந்து ஒரு சுவரை இறக்கினார்கள். எடையில் 22 பங்கு இரும்பு, 78 பங்கு மணல். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. நிலத்தடி நீர் தன் போக்கில் ஊர்ந்து வந்து அந்தச் சுவருக்குள் நுழைந்து மறுபுறம் போனது. போனபோது அதிலிருந்த ட்ரைகுளோரோஎத்திலீனில் 90 சதவீதம் இல்லை.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்காக முன்கதைச் சுருக்கம்.

ட்ரைகுளோரோஎத்திலீன், சுருக்கமாக டி.சி.இ., எந்திர பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதற்காகத் தொழிற்சாலைகள் வாங்கிக் குவித்த திரவம். அதே இனத்தைச் சேர்ந்த டெட்ராகுளோரோஎத்திலீன், அதாவது பி.சி.இ., உலர்சலவைக் கடைகளில் பயன்பட்டது. வேலை முடிந்ததும் இரண்டையும் கொல்லைப்புறத்தில் கொட்டினார்கள். காற்றில் ஆவியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆவியாகாத பங்கு மண்ணுக்குள் இறங்கியது. டி.சி.இ. தண்ணீரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. நிலத்தடி நீரைத் தொட்டாலும் மிதக்காது. அதையும் துளைத்துக்கொண்டு கீழே போய்க் களிமண் அடுக்கின் மேல் தேங்கி நிற்கும். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குத் துளித் துளியாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

குடிநீரில் இது லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. மாசுபட்ட நீரை இறைத்து, சுத்தம் செய்து விடும் முறைக்குப் பல கோடி டாலர்கள் செலவழிந்தன. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994ல் கணக்குப் பார்த்தபோது, ஆராய்ந்த 77 இடங்களில் 69 இடங்கள் இலக்கை எட்டியிருக்கவில்லை.

அந்த இருட்டில்தான் கில்லமின் இரும்புச் சுவர் வெளிச்சமாகத் தெரிந்தது. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் 1995ன் தொடக்கத்தில் முதல் வணிகச் சுவர் வேலை செய்யத் தொடங்கியது. 1996 ஜூனில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் 46 மீட்டர் நீளத்துக்கு, 7 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இன்னொன்று இறங்கியது.

இந்த வாரக் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அதன் நடுநாயகமான ஆண்டு 1997.

*

இரும்புச் சுவர் நல்ல காவலாளி. ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

நஞ்சு கலந்த நீர் அதைத் தேடி வந்தாக வேண்டும். நஞ்சு தேங்கிக் கிடக்கும் மூலக்குட்டை சுவருக்கு நூறு மீட்டர் மேலே இருந்தால், அந்தக் குட்டை தீரும்வரை சுவர் காத்திருக்க வேண்டும். அது ஒரு தலைமுறையாகவும் இருக்கலாம், இரண்டு தலைமுறையாகவும் இருக்கலாம். பத்தடி, இருபதடி ஆழத்துக்கு அகழி தோண்டலாம். ஐம்பது, நூறடி என்றால் செலவு தாங்காது. குட்டைக்கு மேலே ஓடும் தொழிற்சாலை ஒன்று நின்றால் தோண்டும் பேச்சுக்கே இடமில்லை. நஞ்சைக் கொட்டியதே தொழிற்சாலை என்பதால், பல இடங்களில் நிலைமை அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கொடியது. அதைப் புரிந்துகொள்ள ஒரு மூலக்கூறை அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றி நான்கு குளோரின் இருந்தால் அது பி.சி.இ. ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்தால் டி.சி.இ. இன்னொன்றைக் கழற்றினால் டைகுளோரோஎத்திலீன். மூன்றாவதையும் கழற்றினால் எஞ்சுவது வினைல் குளோரைடு. கடைசிக் குளோரினையும் கழற்றிவிட்டால் எத்திலீன். மாங்காயும் வாழைக்காயும் பழுக்கும்போது தாமே வெளிவிடும் அதே வாயு. மண்ணுக்குள் அதனால் ஒரு கேடும் இல்லை.

நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் நஞ்சு குறைந்துகொண்டே வரும் என்றுதான் யாரும் நினைப்போம்.

மூன்றாம் படியில் கதை தலைகீழாகிறது. வினைல் குளோரைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்பதில் சந்தேகமே இல்லை. 1974ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், பி.வி.சி. தயாரிக்கும் ஆலையின் தொழிலாளர்களிடம் மிக அரிதான கல்லீரல் புற்றுநோய் அடுத்தடுத்து வெளிப்பட்டபோது உலகுக்கு அது தெரிந்தது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். டி.சி.இ.யின் வரம்பில் பாதிக்கும் கீழே.

அதாவது, மூன்று குளோரினைக் கழற்றிவிட்டுக் கடைசியை விட்டுவைத்தால், மண் முன்பைவிட ஆபத்தானதாக மாறும்.

மண்ணிலும் கழிவுநீரிலும் வாழும் நுண்ணுயிர்கள் இந்தக் குளோரின்களைக் கழற்றும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஸ்டான்ஃபோர்டில் திமோத்தி வோகலும் பெர்ரி மெக்கார்ட்டியும் 1985ல் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் பார்த்த பாதை பெரும்பாலும் வினைல் குளோரைடில் வந்து நின்றது. எத்தனையோ மாசுபட்ட மனைகளில் களப் பொறியாளர்கள் கண்டதும் அதுவே. மண்ணில் வாழும் உயிர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகின்றன. விட்ட இடம் மிக மோசமான இடம்.

எண்பதுகளில் துப்புரவுத் துறையினர் நுண்ணுயிர்களைக் கண்டு பயந்ததற்கு இது போதாதா? என்னைக் கேட்டால் அந்தப் பயம் நியாயமானது. பிறகு வந்தவர்கள் அதை அறியாமை என்று எழுதினார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள் அல்லர்.

இரும்பு இந்த விஷயத்தில் மேல். அதன் மேற்பரப்பில் டி.சி.இ.யின் பெரும்பகுதி இந்தப் படிகளில் இறங்குவதே இல்லை. அசிட்டிலீன் வழியாகக் குறுக்கே பாய்ந்து எத்திலீனையும் ஈத்தேனையும் அடைந்துவிடுகிறது. வினைல் குளோரைடு சிறிதளவே மிஞ்சும். ஆனால் இரும்பு மெதுவானது. அகழியோடு கட்டுண்டது.

ஆக, 1996ன் நிலவரம் இது: வேலையை முடிக்கத் தெரிந்ததற்கு நடக்கத் தெரியவில்லை. எங்கும் பரவியிருப்பதற்கு வேலையை முடிக்கத் தெரியவில்லை.

*

பென்சில்வேனியாவின் பெத்லஹேம், எஃகினால் பிழைத்த ஊர். சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு அனுப்பிய நிறுவனத்தின் தாய்வீடு. 1995 நவம்பரில் அந்த ஊர் உலைகள் அணைந்தன. நூற்றாண்டுக்கும் மேலாக இரும்பைக் காய்ச்சிய நகரத்தில் இரும்பு வேலை ஓய்ந்தது.

அந்த உலைகளுக்குச் சற்று மேலே, மலைச்சரிவில் லீஹை பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சீனாவில் பிறந்த இளம் பேராசிரியர் வெய்ஷியான் ஜாங், இரும்பைப் பற்றி வேறு கோணத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்.

நீர் இரும்பைத் தேடி வர வேண்டும் என்பதுதானே சிக்கல்? இரும்பு நஞ்சைத் தேடிப் போனால் என்ன?

மண் என்பது கெட்டியான கட்டி அல்ல. மணிக்கும் மணிக்கும் நடுவே சந்துகள் உண்டு. அந்தச் சந்துகளில்தான் நிலத்தடி நீர் ஓடுகிறது. அதே சந்துகளில் நுழையும் அளவுக்கு இரும்பைச் சிறிதாக்கிவிட்டால், தண்ணீரில் கலக்கி ஆழ்துளை வழியாக உள்ளே செலுத்தலாம். அகழியே வேண்டாம். கட்டடத்துக்கு அடியிலும் போகும்.

அரைத்து அரைத்து இவ்வளவு சிறிதாக்க முடியாது. அதனால் ஜாங்கும் அவருடன் ஆராய்ந்த சுவான்பாவ் வாங்கும் எதிர்த்திசையில் போனார்கள். அணுவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆய்வகத்தில் நடப்பது இது. குடுவையில் ஃபெரிக் குளோரைடு கரைசல், பழுப்பு மஞ்சள் நிறத்தில். அதில் சோடியம் போரோஹைட்ரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே கலக்குகிறார்கள். விழுந்த கணமே நுரைத்துப் பொங்குகிறது. குமிழ்களாக வெளியேறுவது ஹைட்ரஜன். மஞ்சள் கலங்கி, கறுத்து, சில நிமிடங்களில் குடுவை முழுக்க மைக்கறுப்பு. அடியில் காந்தம் வைத்தால் கறுப்பெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்தக் கறுப்புதான் நானோ இரும்பு. ஒவ்வொரு துகளும் 1 முதல் 100 நானோமீட்டருக்குள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். காயவிட்டுக் காற்றில் எடுத்தால் தானே தீப்பற்றிக்கொள்ளவும் கூடும். அதனால் எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள்.

இரும்பு நஞ்சைத் தொடுவது அதன் மேற்பரப்பில். கடையில் வாங்கிய நுண்ணிய இரும்புத்தூள் ஒரு கிராமுக்கு 0.9 சதுர மீட்டர் மேற்பரப்பைத் தந்தது. அவர்கள் செய்த பொடி 33.5 சதுர மீட்டர் தந்தது. நம் கணக்கில், ஒரு கிராமுக்கு 10 சதுர அடி எங்கே, 360 சதுர அடி எங்கே!

விளைவும் அப்படித்தான் இருந்தது. டி.சி.இ. கலந்த நீரில் இந்தக் கறுப்புப் பொடியைப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் டி.சி.இ. முழுவதும் தீர்ந்தது. மேலே சிறிது பல்லேடியம் பூசிய பொடி கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது. கடைத்தூள் அந்த நேரத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை.

1997 ஜூலையில் இந்த முடிவு வெளியானது. மூன்றே பக்கக் கட்டுரை.

*

அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால், 1997 ஜூன் 6ஆம் தேதி 'சயன்ஸ்' இதழில் வேறொரு கட்டுரை வந்திருந்தது. அதன் வேர் மூன்று பக்கத்தில் அடங்குவதல்ல. பத்தாண்டுப் பொறுமை. இந்தத் தொடரின் எல்லாப் பகுதிகளிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். அதனால் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், கயூகா ஏரியின் தென்கரையில் இதாக்கா என்ற சிறு நகரம். அங்கே கார்னெல் பல்கலைக்கழகம். சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் காசெட்டின் ஆய்வகத்தில், ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கொண்டுவந்த கசடைக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து வளர்த்தார்கள். கையடக்கப் பாட்டில்கள். வாயில் ரப்பர் அடைப்பு, அதன் மேல் அலுமினிய மூடி. உள்ளே ஆக்ஸிஜன் ஒரு துளியும் கிடையாது. ரப்பரை ஊசியால் குத்திக் கொஞ்சம் பி.சி.இ. செலுத்துவார்கள். பிறகு அதே அடைப்பு வழியாக அரை மில்லிலிட்டர் வாயுவை ஊசியில் இழுத்துக் கருவியில் செலுத்திப் பார்ப்பார்கள். எது எவ்வளவு இருக்கிறது என்று தாளில் முகடுகளாக எழுதப்படும்.

1989ல் டேவிட் ஃப்ரீட்மன் என்ற ஆராய்ச்சி மாணவரும் காசெட்டும் அந்த முகடுகளில் ஒன்றைக் கண்டார்கள். அது எத்திலீன்.

கடைசிக் குளோரின் கழன்றிருந்தது!

நுண்ணுயிர்கள் வினைல் குளோரைடைத் தாண்டிப் போகக்கூடும் என்பதற்கு அது முதல் உறுதியான சான்று. ஆனால் பாட்டிலுக்குள் இருந்தது ஓர் ஊரின் சாக்கடையில் வாழும் அத்தனை உயிர்களும் கலந்த கூட்டம். இவற்றில் இந்தக் காரியத்தைச் செய்தது எது?

மீத்தேன் வாயுவைத் தயாரிக்கும் நுண்ணுயிர்கள்தாம் என்று பலரும் கருதினார்கள். பாட்டில்களில் அவைதாம் நிறைந்திருந்தன. அவை வேறு வேலை செய்யும்போது தற்செயலாகக் குளோரினும் கழலுகிறது என்பது அன்றைய விளக்கம்.

அடுத்து வந்த மாணவர் தாமஸ் டிஸ்டெஃபானோ பி.சி.இ.யின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். லிட்டருக்கு 90 மில்லிகிராம் வரை. குடிநீர் வரம்பைப் போல 18,000 மடங்கு. அந்த நஞ்சில் மீத்தேன் நின்றுபோனது. மீத்தேன் உயிர்கள் முடங்கிவிட்டன.

குளோரின் கழல்வது மட்டும் நிற்கவில்லை. முன்பைவிட வேகமாக நடந்தது.

1991ல் வெளிவந்த இந்த முடிவை நான் திருப்புமுனை என்பேன். எல்லோரும் சந்தேகப்பட்ட ஆள் அங்கே இல்லாதபோதும் காரியம் நடக்கிறது. அப்படியானால் இன்னொருவர் இருக்கிறார். நஞ்சுக்கு நடுவே செழிக்கிறார். நஞ்சுதான் அவருக்கு வாழ்வு.

மறு ஆண்டு டிஸ்டெஃபானோவும் காசெட்டும் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஸ்டீஃபன் சிண்டரும் அந்த உயிரின் உணவையும் கண்டுபிடித்தார்கள். ஹைட்ரஜன். நாம் சோற்றை உண்டு ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதுபோல, அது ஹைட்ரஜனை உண்டு பி.சி.இ.யைச் சுவாசிக்கிறது. உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைக் கடைசியில் எங்காவது இறக்கியாக வேண்டும். நாம் ஆக்ஸிஜனில் இறக்குகிறோம், அது குளோரின் ஏந்திய மூலக்கூறில் இறக்குகிறது. எலக்ட்ரான் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு குளோரின் உதிர்கிறது.

இனி அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு சிண்டரின் மாணவர் ஷாவியர் மாய்மோகட்டலிடம் வந்தது.

உயிர் முரண்டு பிடித்தது. கூட்டத்திலிருந்து பிரித்தால் வளர மறுத்தது. பி12 வைட்டமின் கேட்டது. அசிட்டேட் கேட்டது. அதுவும் போதாமல், மற்ற நுண்ணுயிர்களின் சாற்றையும் கேட்டது; அவை இல்லாவிட்டாலும் அவற்றின் சாறாவது வேண்டும். ஆக்ஸிஜன் பட்டால் அழிந்துபோகும். ஹைட்ரஜனையும் குளோரின் சேர்மத்தையும் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் தொடாது.

கடைசியில் கைகொடுத்தது அதன் குறைபாடு. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெப்டிடோகிளைக்கான் என்ற உறுதியான செல்சுவர் உண்டு. பென்சிலின் இனத்து மருந்துகள் அந்தச் சுவர் கட்டும் வேலையைக் கெடுத்தே கொல்கின்றன. இந்த உயிருக்கு அப்படியொரு சுவரே இல்லை. ஆம்பிசிலினை ஊற்றினார்கள். கூட இருந்த பாக்டீரியாக்கள் மடிந்தன. இது நின்றது. மறுபடி மறுபடி நீர்த்து, நீர்த்து, கடைசிக் குழாயில் இது மட்டும் மிஞ்சியது.

அரை மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள, ஒழுங்கற்ற சிறு உருண்டை. டீஹாலோகாக்காய்டிஸ் எத்தனோஜீனஸ், ரகம் 195 என்று பெயரிட்டார்கள். பி.சி.இ.யின் நான்கு குளோரின்களையும் கழற்றி எத்திலீன் வரை கொண்டுபோகும் தனி உயிர் ஒன்று உலகில் இருக்கிறது என்று 1997 ஜூனில் அறிவித்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் மெக்கார்ட்டியைக் கௌரவித்து, பின்னாளில், 2013ல், இந்த இனத்துக்கு டீஹாலோகாக்காய்டிஸ் மெக்கார்ட்டியை என்று முறையான பெயர் சூட்டப்பட்டது.

ஒரு குறை இருந்தது. ரகம் 195 முதல் மூன்று குளோரின்களைப் பேராசையோடு கழற்றியது. நான்காவதை வேண்டாவெறுப்பாகக் கழற்றியது. வினைல் குளோரைடிலிருந்து அதற்கு வளர்ச்சிக்கான ஆற்றல் கிடைக்கவில்லை. அந்தப் படி மட்டும் மெதுவாக நகர்ந்தது.

அந்தப் படியிலேயே வாழும் உறவுக்கார ரகம் ஒன்றுக்காக இன்னும் ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மிச்சிகனின் ஹூரான் ஏரிக்கரையில், பி.சி.இ. ஊறிய ஆஸ்கோடா என்ற ஊரின் நிலத்தடி மண்ணிலிருந்து, ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தின் ஃப்ராங்க் லோஃப்லர் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். பி.ஏ.வி.1 என்ற அந்த ரகம் வினைல் குளோரைடைச் சுவாசித்தே வளர்ந்தது. 2003ல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் அதற்கு மூச்சுக்காற்று.

*

ஆய்வகக் குடுவை வேறு, மண் வேறு. இருவரும் களத்துக்கு வந்தார்கள்.

முதலில் இரும்பு. 2000ஆம் ஆண்டில் நியூஜெர்சியின் ட்ரென்டனில், இயங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலை வளாகத்தில் ஜாங்கும் அவருடைய மாணவர் டேனியல் எலியட்டும் பல்லேடியம் பூசிய நானோ இரும்பைத் துளைக்கிணற்றில் செலுத்தினார்கள். இரண்டு நாட்கள். மொத்தமே 1.7 கிலோ. ஒரு பெரிய தொழிற்சாலையின் அடியில் விரிந்த நஞ்சுக்கு எதிரே, ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய கறுப்புப் பொடி.

நான்கு வாரம் அளந்தார்கள். டி.சி.இ. 96 சதவீதம் வரை குறைந்திருந்தது.

அந்த எண்ணைச் செய்தித்தாள்கள் விரும்பின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அது எங்கே குறைந்தது என்பது. செலுத்திய கிணற்றிலும் அதை ஒட்டிய அளவைக் குழாய்களிலும்தான் குறைவு மிகுதி. நானோ இரும்புத் துகள்கள் ஒன்றையொன்று காந்தமாக இழுத்துக் கட்டிகட்டின, மண்மணிகளில் ஒட்டிக்கொண்டன. நஞ்சைத் தேடிப் போகும் என்று செய்த இரும்பு, சில அடி போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு வந்த பத்தாண்டுகளில் அதற்கு மாவுப்பொருள் பூசினார்கள், செல்லுலோஸ் வழிப்பொருள் பூசினார்கள், தாவர எண்ணெய்ச் சொட்டுகளுக்குள் வைத்து அனுப்பினார்கள். நடை கொஞ்சம் கூடியது. இன்னொரு குறை தீரவில்லை: நானோ இரும்பு தன்னைக் கொடுத்தே நஞ்சை முறிக்கிறது. கொடுத்து முடிந்ததும் துருதான் மிச்சம். அதன் வேகமே அதன் ஆயுளைக் குறைத்தது.

அடுத்து உயிர். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் கெல்லி விமானப்படைத் தளம். அங்கே மண்ணுக்குள் உணவு மட்டும் செலுத்திய பகுதியில் குளோரின் கழலும் வேலை இரண்டாம் படியிலேயே நின்றுபோனது. டீஹாலோகாக்காய்டிஸ் அங்கே இயல்பாக இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் எலிசபெத் எட்வர்ட்ஸ் வளர்த்தெடுத்த கே.பி.1 என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தில் 13 லிட்டரை இன்னொரு பகுதியில் செலுத்தினார்கள். 200 நாட்களில் பி.சி.இ.யும் டி.சி.இ.யும் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கின. எத்திலீன் வந்தது. உயிர் செலுத்திய இடத்தோடு நிற்கவில்லை, வளர்ந்து பரவியது. 2002ல் இந்த முடிவு வெளியானது.

அதே ஆண்டு, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 24 மாசுபட்ட இடங்களின் மண்ணிலும் நீரிலும் இந்த உயிரின் மரபுத்தடத்தைத் தேடிய ஓர் ஆய்வும் வந்தது. எத்திலீன் வரை வேலை முடிந்த 21 இடங்களிலும் தடம் இருந்தது. பாதியில் நின்ற 3 இடங்களில் இல்லை. எண்பதுகளில் பொறியாளர்களைப் பயமுறுத்திய புதிர் இப்படித்தான் அவிழ்ந்தது. மண்ணில் எத்தனை உயிர் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. இந்த ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி.

*

இப்போது மறுபடி 1997க்கு வாருங்கள். அந்த ஆண்டு மூன்றாவதாக ஒரு கட்டுரையும் உண்டு. மற்ற இரண்டுக்கும் முன்னால், ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. அதிகம் பேரின் கண்ணில் படாதது.

அயோவா பல்கலைக்கழகத்தில் லென்லி வெதர்ஸ், ஜீன் பார்கின், பெட்ரோ அல்வாரெஸ் மூவரும் இரும்பையும் நுண்ணுயிர்க் கூட்டத்தையும் ஒரே பாட்டிலில் அடைத்தார்கள். நஞ்சாகக் குளோரோஃபார்மைச் சேர்த்தார்கள். இரும்பு தனியாகவும் உயிர்கள் தனியாகவும் செய்ததைவிட இரண்டும் சேர்ந்து அதிகமாகச் செய்தன.

காரணம் எளிது. ஆக்ஸிஜன் இல்லாத நீரில் இரும்பு துருவும்போது ஹைட்ரஜன் வெளிவருகிறது. 56 கிராம் இரும்பு முழுவதும் அரித்துப்போனால் 2 கிராம் ஹைட்ரஜன். இரும்புக்கு அது வீண்செலவு. நஞ்சை முறிக்க வேண்டிய எலக்ட்ரான் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆனால் அந்த ஹைட்ரஜன் பக்கத்தில் இருக்கும் உயிருக்கு உணவு.

ஹைட்ரஜன்! லீஹையில் குடுவை பொங்கியபோது குமிழ்ந்த அதே வாயு. கார்னெலில் தேடிக் கண்ட அதே உணவு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நானோ இரும்பை நஞ்சுக் குட்டைக்குப் பக்கத்திலேயே செலுத்தினால், அது முதல் சில வாரங்களில் நஞ்சின் பெரும்பகுதியை முறிக்கும். மீதி ஆக்ஸிஜனையும் உறிஞ்சி, ஆக்ஸிஜன் ஆகாத உயிருக்கு ஏற்ற இடமாக மண்ணை மாற்றும். துருவத் துருவ ஹைட்ரஜன் தரும். அதை உண்டு டீஹாலோகாக்காய்டிஸ் பெருகி, இரும்பு எட்டாத சந்துகளுக்குப் பரவி, வினைல் குளோரைடு உட்பட மிச்சத்தை முடிக்கும். நடக்கத் தெரியாததும் முடிக்கத் தெரியாததுமாக 1996ல் நின்ற இருவரும் ஒருவர் குறையை ஒருவர் தீர்ப்பார்கள்.

காகிதத்தில் இவ்வளவு பொருத்தமான ஜோடி வேறு இல்லை.

இடையூறுகள் வந்தன. முதலாவது காசெட், சிண்டர் ஆய்வகத்திலிருந்தே வந்தது. டீஹாலோகாக்காய்டிஸ் கூட்டம் ஹைட்ரஜனில் சிக்கனமானது என்று 1996ல் அவர்கள் அளந்து சொல்லியிருந்தார்கள். மீத்தேன் உயிர்களுக்குத் தேவைப்படும் செறிவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதும். அதனால் ஹைட்ரஜன் குறைவாகக் கசிந்தால் நம் உயிர் ஜெயிக்கும். வெள்ளமாக வந்தால் மீத்தேன் உயிர்கள் பந்தியில் முந்திக்கொள்ளும். நானோ இரும்பு தருவது கசிவு அல்ல, வெள்ளம். போதாக்குறைக்கு, இரும்பு துருவும்போது நீரின் காரத்தன்மை ஏறும். இந்த உயிருக்கு நடுநிலையான நீர்தான் ஒத்துவரும்.

இரண்டாவது இன்னும் கவலைக்குரியது. 2008ல் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாங்ஹா லீயும் டேவிட் செட்லக்கும் அவர்கள் குழுவினரும் நானோ இரும்பை ஈ.கோலி பாக்டீரியா இருந்த நீரில் சேர்த்துப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் கலந்த நீரில் இரும்பின் மேல் துருப்படலம் படர்ந்து, அதன் கொல்லும் ஆற்றல் மிகவும் மட்டுப்பட்டது. ஆக்ஸிஜன் நீக்கிய நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் இரும்பே பாக்டீரியாக்களை வேகமாகக் கொன்றது. செல்லின் மேலுறை சிதைந்துபோனது.

ஆக்ஸிஜன் இல்லாத நீரில்தான் இரும்பு கொடியது. நம் உயிர் வாழ்வதும் அங்கேதான்.

ஈ.கோலிக்காவது செல்சுவர் உண்டு, அதுவே தாங்கவில்லை. ஆம்பிசிலின் மழையிலும் டீஹாலோகாக்காய்டிஸைக் காப்பாற்றியது அந்தச் சுவர் இல்லாத உடல். அதே உடல், கறுப்புப் பொடி இறங்கிய மண்ணில், இரும்பு தரும் ஹைட்ரஜனை உண்ணும்வரை உயிரோடு இருக்குமா?

அல்வாரெஸ் அப்போது டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். டி.சி.இ.யைத் தின்னும் கூட்டத்தை ஒரு பாட்டிலில் அடைத்து, அதில் நானோ இரும்பைப் போட்டு அடைப்பை இறுக்கினார்கள். முதல் நாட்களில் அந்தப் பாட்டிலுக்குள் நடந்தது என்ன?

(தொடரும்)